ஸாஸின் அஞ்சலட்டைப் பாரிஸ்

ஸாஸ் என்ற பிரெஞ்சுப் பாடகியின் 'பாரிஸ்' இசைத்தொகுப்பு வெளிவந்தது 2014 நவம்பரில். இத்தனை வருடம் கழித்து இப்போது எதற்கு அதைப் பற்றி என்று கேட்டால், அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் பதில். பங்சாரிலும் தியோங் பாருவிலும் ஒரு குவளைக் காப்பிக்கு ஒரு வேளைச் சோற்றுக் காசு வாங்கும் கடைகளில் இந்த மாதிரிப் பாட்டுகளுக்கு எப்போதும் இடம் உண்டு. பிரெஞ்சில் நன்றி சொல்லக்கூடத் தெரியாத நம் நண்பர்கள் தொகுத்து வைத்திருக்கும் 'மழை நாள்' பட்டியல்களிலும் உண்டு. வாசித்து முடிக்காத நாவலின் அட்டைப்படத்துக்குப் பின்னணி இசையாகவும் உண்டு. பழைய பிரெஞ்சுப் பாட்டு என்றால் உயர்ந்த ரசனை என்று நமக்குள் பேசாமலே ஓர் ஏற்பாடு. யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. நான் கேட்கிறேன்.

முதலில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடலாம். ஸாஸுக்கு நல்ல குரல். தொண்டையில் கொஞ்சம் மணல் ஒட்டிய மாதிரி ஒரு கரகரப்பு. மொன்மார்த்ர் தெருக்களில் நின்று பாடி வந்தவர். 2010இல் ஆடம்பர ஓட்டலும் நகையும் எனக்கு எதற்கு என்று பாடி ஒரே பாட்டில் உலகம் முழுக்கத் தெரிந்தவரானார். 'பாரிஸ்' தொகுப்பில் அந்த நகரத்தைப் பற்றிய பழைய பாட்டுகளை எடுத்து, பெரிய இசைக்குழுவோடு துள்ளலான ஸ்விங் நடையில் பாடியிருக்கிறார். சில பாடல்களைத் தயாரித்தவர் குயின்சி ஜோன்ஸ். வாசித்தவர்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள். ஒலிப்பதிவு பளபளவென்று இருக்கிறது. ஆகவே 'அந்தக் காலப் பாட்டைக் கெடுத்துட்டாங்க' என்ற கிழட்டுப் புலம்பல் இது இல்லை. கெடுக்கவில்லை. கழுவித் துடைத்திருக்கிறார்கள். என் பிரச்சினை அந்தக் கழுவலில்தான் இருக்கிறது.

தொகுப்பு வெளிவந்த அதே நேரத்தில் ஸாஸ் ஒரு பேட்டியில் ஒன்று சொன்னார். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் இருந்த பாரிஸில் ஒருவித இலகுத்தன்மை இருந்தது, முழுச் சுதந்திரம் இல்லாதபோதும் மக்கள் சுதந்திரத்தைப் பாடினார்கள் என்ற பொருளில் சொன்னார். பிரான்ஸில் பலருக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? நம் ஊரில் ஒரு பாடகி மேடையேறி, 'ஜப்பான்காரன் காலத்துல இங்க ஒரு மாதிரி குதூகலம் இருந்துச்சு' என்று சொல்லிப் பார்க்கட்டும். சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் பேரன் கூட்டத்தில் எங்காவது உட்கார்ந்திருப்பான்.

சொற்களைச் சூழலிலிருந்து பிய்த்தெடுத்துவிட்டார்கள் என்று அவருக்காக வாதாடலாம். அரங்குகள் நிறைந்திருந்தன, சினிமாவுக்குக் கூட்டம் போனது, பாட்டு விற்றது என்பதெல்லாம் உண்மைதான் என்றும் சொல்லலாம். சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பேட்டிக்காக ஒரு மனுஷியைக் கழுவிலேற்ற வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. அவர் வாய் தவறிச் சொல்லவில்லை. தொகுப்பு என்ன சொல்கிறதோ அதைத்தான் வாயாலும் சொன்னார்.

எப்படி என்று சொல்கிறேன். தொகுப்பில் முக்கியமான பாட்டு 'பாரிஸ் எப்போதும் பாரிஸ்தான்' என்று பொருள்படும் தலைப்புள்ளது. 1939இல் மோரிஸ் ஷெவாலியே பாடியது. போர் அறிவிக்கப்பட்டுவிட்டது, குண்டு இன்னும் விழவில்லை. நகரத்தில் விளக்கணைப்பு. குண்டு வெடித்தால் சிதறாமலிருக்க ஜன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டை ஒட்டியிருக்கிறார்கள். வெளிச்சம் தெரியாமலிருக்க நீலச் சாயம் பூசியிருக்கிறார்கள். என்ன செய்தாலும் எங்க ஊரு எங்க ஊருதான் என்று சிரித்துக்கொண்டே சொல்கிற பாட்டு அது. அடுத்த வருடம் ஜூன் 14ஆம் தேதி ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்தது.

பாட்டை எழுதியவர் ஆல்பேர் வில்மெட்ஸ். மெட்டமைத்தவர் கசிமிர் ஓபெர்ஃபெல்ட். இந்த இரண்டாவது பெயரைத்தான் நான் இங்கே கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்ளப் போகிறேன்.

ஓபெர்ஃபெல்ட் போலந்தின் வூட்ஜ் நகரத்தில் 1903இல் பிறந்த யூதர். பாரிஸுக்கு வந்து சேர்ந்து, சினிமாவுக்கும் மேடைக்கும் மெட்டுப் போட்டு, முப்பதுகளில் பிரான்ஸ் முழுவதும் முணுமுணுத்த பாட்டுகளைக் கொடுத்தவர். வேடிக்கைப் பாட்டுகளில் பெரிய கை. பெர்னாண்டெல் போன்ற நகைச்சுவை நடிகர்கள் அவர் மெட்டுகளைப் பாடிப் பெயர் வாங்கினார்கள். ஆக்கிரமிப்பு வந்ததும் தெற்கே போய் ஒளிந்தார். 1943இல் நீஸ் நகரத்தில் பிடிபட்டார். ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். 1945 ஜனவரியில் இறந்தார். சோவியத் படை அந்த முகாமின் கதவைத் திறந்ததும் அதே ஜனவரியில்தான்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஆக்கிரமிப்புக் காலத்தில் நாஜிகளோடு ஒத்துழைத்த மார்ஷல் பெத்தேனைப் புகழ்ந்து 1941இல் ஒரு பாட்டு வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாடவைத்தார்கள். அந்த ஆட்சியின் அதிகாரபூர்வமற்ற தேசிய கீதம் மாதிரி. அதன் மெட்டு ஓபெர்ஃபெல்ட் 1933இல் ஒரு படத்துக்காகப் போட்ட மெட்டிலிருந்து சுட்டது. உறையில் வேறு இரண்டு பேர் பெயர். அதாவது, யூதர்களைப் பிடித்துக்கொடுத்த ஓர் அரசு ஒரு யூதனின் மெட்டைத் திருடித் தன் தலைவனுக்குத் துதி பாடியது. மெட்டை வைத்துக்கொண்டது. மெட்டுப் போட்டவனை ரயிலில் ஏற்றிவிட்டது.

இப்போது ஸாஸின் தொகுப்பை மறுபடி போட்டுக் கேளுங்கள். துள்ளுகிற தாளம், சிரிக்கிற பித்தளை வாத்தியங்கள். ஒரு அஞ்சலட்டை பாடுகிற மாதிரி இருக்கிறது. இந்த மனிதரின் மெட்டைப் பாடிவிட்டு, அந்தக் காலத்தில் ஒரு இலகுத்தன்மை இருந்தது என்று சொல்ல முடிகிறது என்றால், பாட்டுக்குள் யார் இருக்கிறார் என்று யாருமே எட்டிப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். பாடகி, தயாரிப்பாளர், நிறுவனம், விளம்பரம் எழுதியவர் என்று எத்தனை பேர் கை பட்டு வந்த தொகுப்பு இது!

'ஷெவாலியேவே அதைத் துள்ளலாத்தானே பாடினார்?' என்று ஒருத்தர் கேட்பார். நல்ல கேள்வி. ஆமாம், அவரும் சிரித்துக்கொண்டேதான் பாடினார். ஆனால் 1939இல் அந்தத் துள்ளல் ஒரு பந்தயம். நாளைக்கு என்ன நடக்கும் என்று பாடியவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. பயத்தில் பல் கிட்டித்துக்கொள்ளாமல் இருக்கச் சிரித்தார்கள். 2014இல் முடிவு தெரியும். பந்தயத்தில் யார் தோற்றார், யார் செத்தார், யார் காட்டிக்கொடுத்தார் எல்லாம் தெரியும். அதே துள்ளலை அப்படியே மறுபடி செய்வது விசுவாசம் மாதிரித் தெரியும். உண்மையில் அது வேறொரு பாட்டாகிவிடுகிறது. (ஷெவாலியே ஆக்கிரமிப்பின்போதும் பாரிஸில் பாடினார், ஜெர்மனியில் பிரெஞ்சுப் போர்க்கைதிகள் முகாமுக்குப் போயும் பாடினார். விடுதலைக்குப் பிறகு அதற்காகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அது தனிக் கதை.)

அந்தக் காலத்து இலகுத்தன்மையைப் பற்றிப் பேசுவதென்றால் நிஜமாகவே இலகுவாக இருந்தவர்களைப் பற்றிப் பேசலாம். 'ஸஸு' என்று பெயர் வாங்கிய இளவட்டங்கள் அப்போது பாரிஸில் இருந்தார்கள். நீளத் தலைமுடி, முழங்கால் வரை தொங்கும் கோட்டு, கையில் குடை, வாயில் அமெரிக்க ஸ்விங். பெத்தேன் ஆட்சியின் ஒழுக்கப் பாடத்துக்கு அவர்கள் காட்டிய பழிப்பு அது. பாசிச இளைஞர் அணிக்காரர்கள் தெருவில் அவர்களைப் பிடித்து அடித்தார்கள், முடியை வெட்டினார்கள். 1942இல் யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, யூதரல்லாத சில இளைஞர்கள் கேலிக்குத் தாங்களும் நட்சத்திரம் குத்திக்கொண்டு அதில் 'ஸ்விங்' என்றும் 'ஸஸு' என்றும் எழுதினார்கள். சிலரைப் பிடித்துத் திரான்ஸி முகாமில் அடைத்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16, 17 தேதிகளில் பிரெஞ்சுப் போலீஸ் பாரிஸிலும் சுற்றுப்புறத்திலும் 13,000க்கும் மேற்பட்ட யூதர்களைப் பிடித்தது. அதில் 4,000க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். இலகுத்தன்மை இருந்ததுதான். அதற்கு விலை இருந்தது. ஸ்விங் என்ற சொல்லைச் சட்டையில் குத்திக்கொண்டதற்காக உள்ளே போனவர்கள் இருந்த ஊரைப் பற்றி ஸ்விங் இசையில் ஒரு தொகுப்பு போடும்போது இது ஞாபகத்துக்கு வர வேண்டாமா?

புத்தகம் படிக்க நேரம் இல்லை என்றால் போகட்டும். பக்கத்தில் நின்றவரைக் கேட்டிருக்கலாம். தொகுப்பில் ஷார்ல் அஸ்னாவூரோடு ஒரு ஜோடிப் பாட்டு இருக்கிறது, மே மாதத்துப் பாரிஸைப் பற்றி. கேட்க இனிமையான பாட்டு. அப்போது அவருக்கு 90 வயது. அர்மீனிய அகதிகளின் மகன். ஆக்கிரமிப்புக் காலத்தில் அவருடைய பெற்றோர் தங்கள் சின்ன வீட்டில் யூதர்களையும், ஜெர்மன் படையிலிருந்து தப்பி ஓடிய அர்மீனியர்களையும் ஒளித்து வைத்தார்கள். எதிர்ப்பியக்கப் போராளி மிசாக் மனூஷியானும் அவர் மனைவியும் அந்தக் குடும்பத்தின் நண்பர்கள். மனூஷியானை 1944 பிப்ரவரி 21 அன்று தோழர்களோடு சேர்த்துச் சுட்டுக் கொன்றார்கள். எண்பது வருடம் கழித்து, 2024இல்தான் பிரான்ஸ் அவரைப் பாந்தியோனில் வைத்து மரியாதை செய்தது. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த கிழவர் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நிற்கிறார். 'ஐயா, அந்தக் காலம் எப்படி இருந்தது?' என்று ஒரு வார்த்தை.

இந்தப் பெயர்களைத் தொடர்ந்து போனால் ஒன்று பிடிபடும். பாரிஸைப் பாரிஸ் என்று உலகத்துக்குப் பாடிக் காட்டியவர்களில் எத்தனை பேர் அந்த ஊருக்கு வெளியிலிருந்து வந்தவர்கள், வந்தவர்களின் பிள்ளைகள்! 'பாரிஸில்' என்ற பெயரில் எல்லாருக்கும் தெரிந்த பாட்டை எழுதிய ஃபிரான்சிஸ் லெமார்க்கின் சொந்தப் பெயர் நாத்தன் கோர்ப். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதத் தையல்காரரின் மகன். அவர் தாயை நாஜிகள் நாடுகடத்தினார்கள், அவர் திரும்பி வரவில்லை. அந்தப் பாட்டைப் பிரபலமாக்கிய ஈவ் மோன்தான் இத்தாலியிலிருந்து குழந்தையாக வந்த இவோ லிவி. எடித் பியாஃபின் தாய்வழிப் பாட்டிக்கு அல்ஜீரியக் கபீல் பூர்விகம். ஷான்ஸெலிஸே வீதியைப் பாடிய ஜோ தஸ்ஸான் அமெரிக்காவில் பிறந்தவர். கம்யூனிஸ்ட் என்று ஹாலிவுட் ஒதுக்கிவைத்த இயக்குநரின் மகன். அந்தப் பாட்டின் மெட்டே லண்டனில் ஒரு சாலையைப் பற்றி ஓர் ஆங்கிலக் குழு பாடியதுதான்!

ஜோசஃபின் பேக்கரைத் தனியாகச் சொல்ல வேண்டும். தனக்கு இரண்டு காதல்கள், ஒன்று தன் நாடு, இன்னொன்று பாரிஸ் என்ற பாட்டை அவர் முதலில் பாடியது 1930இல், கஸினோ த பாரி அரங்கில். செயிண்ட் லூயிஸிலிருந்து வந்த கறுப்பு அமெரிக்கப் பெண்ணுக்கு அங்கே கிடைத்த வேடம், வெள்ளைக்காரனைக் காதலித்துப் பாரிஸுக்காக ஏங்கும் காலனி நாட்டுப் பெண். அடுத்த வருடம் பாரிஸில் பெரிய காலனியக் கண்காட்சி நடந்தது. பிரெஞ்சுப் பேரரசின் ஊர்களையெல்லாம் கூடங்களாகக் கட்டி வைத்தார்கள். புதுச்சேரி, காரைக்காலை உள்ளடக்கிய பிரெஞ்சிந்தியாவுக்கும் ஒரு கூடம் இருந்தது. பேக்கரின் அந்தப் பாட்டு இந்தக் காற்றில் பிறந்தது. பின்னால் அவர் ஆக்கிரமிப்பின்போது பாரிஸில் பாட மறுத்தார், எதிர்ப்பியக்கத்துக்கு உளவு வேலை பார்த்தார், இசைக் குறிப்புத் தாள்களில் மறைமையால் எழுதிய தகவல்களை எல்லை தாண்டிக் கொண்டுபோனார். பாட்டின் பொருளைத் தன் வாழ்க்கையால் திருத்தி எழுதினார் என்றே சொல்வேன். ஸாஸும் அதைப் பாடுகிறார். ஓர் அழகான குரல், ஒரு மெல்லிய ஜாஸ். இரண்டு காதலும் இரண்டு விமான நிலையங்கள் மாதிரி ஒலிக்கின்றன.

பெண்டாத்தாங் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாமல் போவது எப்படி? வந்தேறிகள் கட்டிய ஊர், வந்தேறிகள் கட்டிய பாட்டு, ஆனால் பெருமை பேசும் நேரம் வரும்போது வந்தேறியின் பெயர் மட்டும் உறையில் சின்ன எழுத்தில். இந்த வித்தையை நாம் நம் பாடப்புத்தகத்திலேயே பார்த்திருக்கிறோம். 2014 மே மாதத்தில் பிரான்ஸில் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் நடந்தபோது, குடியேறிகளுக்கு எதிராக அரசியல் செய்யும் தேசிய முன்னணிக் கட்சி முதலிடம் பிடித்தது. ஆறு மாதம் கழித்து இந்தத் தொகுப்பு. ஸாஸ் அந்தக் கட்சிக்காரர் இல்லை, அப்படி நான் சொல்லவும் இல்லை. ஆனால் பாரிஸ் எப்போதும் பாரிஸ்தான் என்று அந்த வருடத்தில் ஒருவர் உரக்கப் பாடும்போது, எந்தப் பாரிஸ் என்று கேட்க வேண்டியிருக்கிறது. தொகுப்பில் உள்ள பாரிஸில் வசந்தம், வீதி, முத்தம், மொட்டைமாடி எல்லாம் இருக்கிறது. புறநகர் அடுக்குமாடியும் அகதியும் இல்லை. அந்த நகரத்தின் மேல் ஆசைப்படும் பயணியின் காதுக்காகவே அளவெடுத்துத் தைத்தது.

நாமும் அந்தப் பயணிகள்தான். இசையைப் பற்றி நம் பக்கத்தில் எழுதப்படும் குறிப்புகளைப் பாருங்கள். 'மனதை வருடியது', 'காலத்தைக் கடந்த கானம்', 'ஏக்கத்தின் நறுமணம்'. கவிதை நூலில் ஒரு வரி சறுக்கினால் நாலு பக்கம் எதிர்வினை எழுதுகிற ஆட்கள்தான் நாம். பாட்டு என்று வந்தால் மட்டும் மூளையைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு வருடலுக்குத் தலையைக் கொடுக்கிறோம். காலத்தைக் கடந்த பாட்டு என்று ஒன்று கிடையாது. காலத்தைத் துடைத்துவிட்ட பாட்டுதான் உண்டு.

அப்போ பழைய பாட்டைத் திரும்பப் பாடவே கூடாதா? பாடலாம். பாட வேண்டும். சும்மா குற்றம் சொல்லிவிட்டு நழுவ எனக்கும் விருப்பம் இல்லை. என்னைக் கேட்டால், ஓபெர்ஃபெல்டின் மெட்டில் கடைசிப் பல்லவியை மட்டும் வாத்தியம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஸாஸ் தனிக்குரலில் பாடியிருந்தால்கூடப் போதும். அவருடைய கரகரப்புக்கு அது முடியும். ஒரு அரை நிமிடம் மௌனத்தின் விளிம்பில் நிற்க அந்தப் பாட்டுக்குத் தெம்பு உண்டு.

இன்னும் நல்ல உதாரணம் பிரான்ஸிலேயே நடந்தது, 1986இல். லியோன் நகரத்தில் அல்ஜீரிய வம்சாவளி இளைஞர்களின் ராக் குழு ஒன்று இருந்தது. பாடகர் ரஷீத் தாஹா. அவர்கள் எடுத்துக்கொண்ட பாட்டு ஷார்ல் த்ரெனே 1943இல் பாடிய 'இனிய பிரான்ஸ்'. தன் சிறுவயதுக் கிராமத்தை, பள்ளிக்கூடத்தை, மாதா கோயில் மணியை நினைத்து ஏங்குகிற பாட்டு அது. ஆக்கிரமிப்புக் காலத்தில் வந்ததுதான். த்ரெனேவின் பெயர் ஒரு யூதப் பெயரின் எழுத்துகளை மாற்றி வைத்தது என்று அப்போதைய பத்திரிகைகள் கிளப்பிவிட, அவர் தன் வம்சாவளியைக் காகிதத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. இந்தப் பாட்டைத் தாஹாவின் குழு அரபு வாத்தியங்களோடு, வேண்டுமென்றே அழுத்திய அல்ஜீரிய உச்சரிப்போடு பாடியது. கேலியா காதலா என்று பிரிக்க முடியாத ஒரு குரல். பாடப்படும் சிறுவயது யாருடையது, கிராமம் எந்தக் கரையில் இருக்கிறது, 'என் நாடு' என்று சொல்ல யாருக்கு உரிமை என்ற மூன்று கேள்வியும் மெட்டுக்குள்ளேயே எழுந்து நின்றன.

அப்போது வலதுசாரி அரசாங்கம் குடியுரிமைச் சட்டத்தை இறுக்கப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். பிரான்ஸில் பிறந்த வெளிநாட்டவர் பிள்ளைகள் குடியுரிமையைத் தாங்களே கேட்டு வாங்க வேண்டும் என்று பேச்சு. முன்னாள் பண்பாட்டு அமைச்சர் ஜாக் லாங் அந்த இசைத்தட்டை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கொடுத்தார். அவர்களில் பலரும் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பாட்டு. இப்போது அதையே தாங்கள் வெளியே நிறுத்தப் பார்க்கிற பையன்களின் தொண்டையிலிருந்து கேட்க வேண்டிவந்தது.

அந்தக் குழுவின் பெயர் கார்த் த செஷூர். வெளிநாட்டவருக்குப் பிரான்ஸ் கொடுக்கும் வசிப்பு அனுமதி அட்டையின் பெயர் அது. ஸாஸின் பாரிஸுக்குள் நுழைய அந்த அட்டை செல்லாது.